இடது பக்கம் சாய்ந்த விமானம்

வீட்டில் சுட்ட முறுக்கை ருசி பார்க்கக் கூப்பிட்டால் தெருவே வரும்; வீட்டில் கட்டிய விமானத்தை ஓட்டிப் பார்க்கக் கூப்பிட்டால் நான் ஒருவன்தான் வருவேன். என் தொழில் அதுதான். பெட்டியில் வந்த குழாய்களையும் துணியையும் படம் பார்த்துப் பூட்டி, யாரோ ஒருவர் தன் ஷெட்டில் இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைக் கட்டி வைத்திருப்பார். அது பறக்குமா, பறந்தால் திரும்பி வருமா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கே ஆடுகிறது, எங்கே ஒழுகுகிறது, எது எப்போது கழன்று விழும் என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் மிக்ஸியைப் பிரித்து மாட்டிக் கொடுத்துவிட்டு, "நீங்க தொட்ட பிறகுதான் சத்தம் வருது" என்று பேச்சு வாங்கிய அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், கிட்டே வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. புது விமானம் நாற்பது மணி நேரம் பறந்து முடிக்கும்வரை ஓட்டுகிறவனைத் தவிர வேறு யாரும் அதில் ஏறக்கூடாது. விழுந்தால் ஒருத்தனோடு போகட்டும் என்ற நல்லெண்ணம். நாற்பது முடிந்ததும் வலது சீட்டில் ஆள் உட்காரலாம். ஆனால் அன்றைக்கே என் வேலையும் முடிந்துவிடும், விமானம் உரியவரிடம் போய்விடும். கார் நிக்கோபாரில் விமானப்படை சர்வீஸில் எஞ்சின் ஃபிட்டராக இருந்துவிட்டு, வெளியே வந்து ஓட்டக் கற்றுக்கொண்டவன் நான். இருபத்திரண்டு வருஷத்தில் மெயின்லேண்டிலும் இந்தத் தீவுகளிலுமாகப் பதினோரு விமானங்களைத் தேற்றி அனுப்பியிருக்கிறேன். ஒன்றில்கூட என் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்ததில்லை.

மனைவி விமலா போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் டீச்சர். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், "நாப்பது மணி முடிஞ்சதும் என்னைக் கூட்டிட்டுப் போவீங்கல்ல?" என்று கேட்டாள். போவேன் என்றேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் பரீட்சை. ஒரு தடவை கப்பல் இல்லை. ஒரு தடவை உரிமையாளர் மறுநாளே விமானத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிவிட்டார். பன்னிரண்டாவது விமானம், போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போக வேண்டிய ஹட் பேயில் அமைந்தது. எனக்கு ஐம்பத்தாறு வயது, இதோடு போதும் என்று முடிவு செய்திருந்தேன். அதனால் விமானத்துக்கு உரியவரான போர்ட் பிளேர் ஹோட்டல்காரரிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: நாற்பது மணி முடிந்த அன்று வலது சீட்டில் முதல் ஆளாக என் மனைவி உட்கார வேண்டும். அவர் சரி என்றார். விமலாவிடம் நான் சொல்லவில்லை. முதலில் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஈர மணல்

விமானத்தைக் கட்டியவர் மாணிக்கம். அவருடைய அப்பா அம்மா சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். மாணிக்கம் ஹட் பே எண்ணெய்ப்பனைத் தோட்டத்து ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தார். தோட்டம் மூடிய பிறகு, ஹோட்டல்காரர் கப்பலில் அனுப்பிய பெட்டிகளை ஒரு பழைய ஷெட்டில் பிரித்து ஆறு வருஷமாக ஒற்றை ஆளாகப் பூட்டியிருந்தார். நல்ல கை. ஒரு போல்ட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும் முடுக்கியவன் யார் என்று. ஷெட்டுக்கு எதிரே பனைகளுக்கு நடுவில் போகும் நேர் ரோடுதான் எங்கள் ரன்வே.

ஆள் இல்லாவிட்டாலும் ஆளுடைய எடையோடு பறந்து பார்க்க வேண்டும் என்பதால் வலது சீட்டில் மணல் மூட்டையை வைத்துப் பெல்ட் போடுவது வழக்கம். எந்த எடைக்கு என்று யோசித்தவன், விமலாவுக்குப் போன் போட்டு அவள் எடையைக் கேட்டேன். எதுக்கு என்றாள். வேலைக்கு என்றேன். அறுபத்திரண்டு என்றாள். எனக்கும் கண் இருக்கிறது என்பதால் மாணிக்கத்திடம், அவள் அறுபத்திரண்டு என்கிறாள், நீங்கள் அறுபத்தெட்டே வையுங்கள் என்று சொன்னேன். அவர் கடற்கரையில் அலை நனைத்த மணலையே அள்ளிக்கொண்டு வந்து, கொப்பரை நிறுக்கும் தராசில் சுத்தமாக அறுபத்தெட்டு நிறுத்து சீட்டில் கட்டிவிட்டார். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி அலுமினியத் தரை வெள்ளை பூத்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் தரையைச் சுரண்டிக்கொண்டே திட்டித் தீர்த்தேன். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்த் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே சொன்னார்: "உங்க வீட்டம்மா சொன்ன எடைக்கு இப்பத்தான் சார் கரெக்டா வந்திருக்கு."

சந்தனம்

ஆயுத பூஜை வந்தது. நான் ரெஸ்ட் ஹவுஸில் படுத்திருந்த நேரத்தில் மாணிக்கத்தின் மனைவி சரசு அக்கா ஷெட்டுக்குப் போய், டிரில்லிங் மெஷினிலிருந்து விமானம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருக்கிறார். விமானத்தின் மூக்கில் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்க்காற்று அதற்குள் போனால்தான் வேகமானி வேகத்தைக் காட்டும். மூக்கு நுனி மங்களகரமாக இருக்கட்டும் என்று அக்கா அந்தக் குழாயின் வாயிலேயே கெட்டிச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார். சிவப்பு மூக்கு என் கண்ணில் பட்டது. சந்தனம் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று மட்டும் நான் குனிந்து பார்க்கவில்லை. மேலே துடைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

தரையை விட்டு எழும்பிய பிறகும் முள் பூஜ்யத்திலேயே நிற்கிறது. வேகம் தெரியாமல் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்குகிற மாதிரி. குறைந்தால் விழும், கூடினால் ரோடு போதாது. நான் காதில் விழும் காற்றுச் சத்தத்தையும், சீட்டில் உட்கார்ந்திருக்கும் என் இடுப்புக்குத் தெரிவதையும் மட்டும் வைத்துக்கொண்டு சுற்றி வந்து பட்டுப்போல இறக்கினேன். அன்றைக்கு எனக்கு வந்த கர்வம் கொஞ்சமில்லை. மீட்டர் பொய் சொன்னாலும் இந்த உடம்பு பொய் சொல்லாது என்று மாணிக்கத்திடம் நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். குழாயைக் கழற்றி ஈர்க்குச்சியால் சந்தனத்தை நோண்டி எடுத்துச் சரசு அக்காவிடம் காட்டி, இதனால் நான் செத்திருப்பேன் என்றேன். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்: "பொட்டு வச்சதாலதான் தம்பி நீங்க பத்திரமா வந்து சேந்தீங்க."

எத்தனை பேர்?

நினைத்த நேரத்தில் எழும்பிவிட இது மாட்டுவண்டி இல்லை. ஒவ்வொரு தடவையும் போர்ட் பிளேருக்குப் போன் போட்டு அனுமதி வாங்க வேண்டும். கடல் பக்கம் ஏதாவது நடமாட்டம் இருந்தால் அனுமதி கிடையாது. மேகம் தாழ்ந்தால் கிடையாது. வாரத்தில் நான்கு நாள் "ஆஜ் நஹி", இன்றைக்கு இல்லை என்ற பதில்தான். அந்த நாட்களில் ரெஸ்ட் ஹவுஸில் உட்கார்ந்து ஒரே பழைய பேப்பரைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். ஜெட்டிக்குப் போய்க் கப்பல் வருகிறதா என்று பார்ப்பேன். அதில் எனக்கென்று யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் ஆட்கள் இறங்குவதைக் கடைசி ஆள் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.

மேலே போனால் மட்டும் என்ன? ஒரு நாள் கடலுக்கு மேல் தூரத்தில் ஒரே ஒரு மேகம் தனியாக மழையைக் கொட்டிக்கொண்டிருந்தது, சுற்றிலும் நல்ல வெயில். அப்படி ஒன்றைப் பார்த்ததும் பக்கத்தில் திரும்பி "அங்க பாரேன்" என்று சொல்லத்தான் யாருக்கும் தோன்றும். நானும் திரும்பிச் சொன்னேன். மணல் மூட்டை பெல்ட் போட்டபடி உட்கார்ந்திருந்தது.

போனில் அனுமதி கொடுக்கும் ஆளை நான் பார்த்ததே இல்லை, பெயரும் தெரியாது. குரல் மட்டும் பழக்கம். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விகளை இந்தியில் கேட்பார்: எங்கே, எவ்வளவு உயரம், எத்தனை மணிக்கு, கடைசியாக "கித்னே ஆத்மி?", எத்தனை ஆள் என்று. நான் "ஏக்", ஒருத்தன்தான் என்பேன். எத்தனையோ மாதமாக ஏக், ஏக், ஏக். ஒரு நாள் எழுதிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். அவர் இந்தியில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "அட சாப், ஒரு தடவையாவது ரெண்டுன்னு சொல்லுங்களேன்."

அழகுக்கு ஒரு கோட்டிங்

இருபத்தைந்தாவது மணியில் விமானத்தின் மூக்கு தானாக மேலே தூக்க ஆரம்பித்தது. ஓட்டும் ஸ்டிக்கை முன்னால் தள்ளித் தள்ளி என் தோள்பட்டை விட்டுப்போயிற்று. இறங்கி எல்லாவற்றையும் சோதித்தேன். கம்பிகள் சரி, கீல்கள் சரி. வாலைத் தொட்டபோது விரலில் நீலம் ஒட்டியது. நான் மழைக்காக ரெஸ்ட் ஹவுஸில் முடங்கியிருந்த மூன்று நாளில், பக்கத்து வீட்டு டிங்கிப் படகுக்கு அடித்தது போக மீந்த பெயிண்டை வாலுக்கு இரண்டு கோட்டிங் கொடுத்திருக்கிறார் மாணிக்கம். வாலில் அரைக் கிலோ கூடினாலே இந்தக் குட்டி விமானத்துக்கு மூக்கு தூக்கும். சுரண்டச் சொன்னேன். நாள் முழுக்க அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சுரண்டினார். சாயங்காலம் டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "மேல இருக்குற ஒங்களுக்கு வால் தெரியாது சார். கீழ தனியா நின்னு பாக்குறவனுக்கு அது மட்டும்தான் தெரியும்."

இடது பக்கம்

முப்பதாவது மணிக்குப் பிறகுதான் பெரிய தொல்லை ஆரம்பித்தது. மட்டமாகப் பறந்துகொண்டிருக்கும்போது விமானம் மெல்ல இடது பக்கம் சாயும். ஸ்டிக்கை வலது பக்கம் பிடித்தால் சரியாகும், பத்து நிமிஷத்தில் மறுபடி சாயும். சில நாள் நன்றாக இருக்கும், சில நாள் கடலே சரிந்து என் மடியில் கொட்டிவிடும் போல இருக்கும். குறிப்பேட்டில் "இடது இறக்கை கனம்" என்று எழுதினேன். இந்தக் குறை தீராமல் விமானத்துக்குச் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லாவிட்டால் மாணிக்கத்தின் ஆறு வருஷமும் காயலான் கடைக்குத்தான் போகும், வலது சீட்டும் திறக்காது.

மாணிக்கம் இரண்டு இறக்கைகளையும் கழற்றிப் பூட்டினார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கட்டி ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை என்று காட்டினார். நான் பறந்துவிட்டு வந்து, சாய்கிறது என்றேன். மறுபடி கழற்றினார், மறுபடி பூட்டினார். முன்கண்ணாடியின் நடுவில் ஒரு சாண் கம்பளி நூல் ஒட்டியிருப்போம். விமானம் நேராகப் போனால் நூல் நேராக நிற்கும், கோணலாகப் போனால் நூலும் ஒரு பக்கம் ஒதுங்கும். "நூல் எப்படி சார் இருந்துச்சு?" என்று கேட்டார். நேராகத்தான் இருந்தது. ஆனால் நூல் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும், என் உடம்புக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்தேன். மூன்றாவது தடவை கழற்றும்போது ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணத்துல தாலியக்கூட நான் இவ்ளோ நேரா கட்டல சார்."

வளைக்காத தகடு

இறக்கையின் பின்விளிம்பில் கை அகலத்துக்கு ஒரு சின்னத் தகடு உண்டு. அதைக் கொஞ்சம் வளைத்தால் சாய்வு சரியாகும். மாணிக்கம் வளைத்துவிட்டேன் என்றார். பறந்தேன், சுத்தமாகச் சரியாகிவிட்டது. பாராட்டிவிட்டு வந்தேன். மறுநாள் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் வளைத்தேன் என்றார். சரியானது. பிறகு சாய்ந்தது. அதற்குள் முப்பத்தெட்டு மணி ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை விமலா தானாகவே போன் செய்தாள்: "லீவு போட்டுட்டேன். வெள்ளிக்கிழமை கப்பல்ல வர்றேன்." மணிக்கணக்கை அவளும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். புதனும் வியாழனும் ஒவ்வொரு மணி பறந்தால் நாற்பது. வெள்ளிக்கிழமை அவள் ஏறலாம்.

புதன் காலை நான் ஹெல்மெட்டோடு ஷெட்டுக்குப் போனபோது மாணிக்கம் விமானத்தை வெளியே தள்ளாமல் உட்கார்ந்திருந்தார். தன் போனை நீட்டினார். போன சனிக்கிழமை நான் பறந்தபோது எனக்குத் தெரியாமல் பின்னால் ஒரு குழாயில் அந்தப் போனைக் கட்டிப் படம் எடுத்திருக்கிறார். படத்தில் தூரத்துக் கடல்விளிம்பு மட்டமாக இருந்தது. நூல் நேராக நின்றது. என் தலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் சாய்ந்துகொண்டே போனது. பிறகு என் கை ஸ்டிக்கை வலது பக்கம் இழுக்க, நேராகப் போய்க்கொண்டிருந்த விமானம் அப்போதுதான் கோணலானது. நான் கையை எடுத்ததும் அது பாட்டுக்குத் தன்னைச் சரி செய்துகொண்டது. தகட்டை ஒரு நாளும் வளைக்கவில்லை என்றும் அப்போதுதான் சொன்னார். பொய் ரிப்பேர் செய்துவிட்டு ஆளின் முகத்தைப் பார்ப்பது ஃபேக்டரியில் அவர்களுடைய பழைய வழக்கமாம். குறை மெஷினிலா, மெஷினைப் பற்றிப் புகார் சொல்கிறவரிடமா என்று தெரிந்துவிடுமாம்.

இன்னும் இரண்டே மணி நேரம். பார்த்தது நாங்கள் இரண்டு பேர். வெள்ளிக்கிழமை நல்ல வெயில் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு கால் மணி நேரம் அவளை உட்கார வைத்துச் சுற்றிவிட்டு வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணம் எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். பதினோரு பேருடைய வேலையில் ஒரு துளி எண்ணெய்க் கசிவைக்கூட விடாமல் எழுதியவன், அன்று என் விஷயத்தில் பேனாவை எடுக்காமல் நின்றேன். மாணிக்கம் என் முகத்தைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "அழிச்சிடவா, வச்சிக்கவா? நீங்க சொல்றதுதான் சார்."

ஏணி

வைத்துக்கொள்ளச் சொன்னேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் போனேன். மதுரைப் பக்கத்து டாக்டரம்மா, சின்ன வயது. கண்ணை மூடச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நான் நின்றேன், ஆனால் சுவரில் போய் நின்றேன். இடது பக்க உள்காதில் கோளாறு, அதுதான் சாய்வது போலக் காட்டுகிறது, வரும் போகும், போர்ட் பிளேரில் பெரிய டாக்டரைப் பாருங்கள் என்றார். பிறகு மருந்துச் சீட்டில் மளமளவென்று எழுதிக்கொண்டே போனார்: உப்பைக் குறைக்க வேண்டும், தனியாகக் கடலில் குளிக்கக்கூடாது, ஸ்கூட்டர் வேண்டாம், ஏணியில் ஏறவே கூடாது. கடைசியில், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என்னை ஒரு தடவை பார்த்தார், சீட்டை ஒரு தடவை பார்த்தார். சிரிக்கலாமா கூடாதா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "ஏணின்னு எழுதிட்டேன் சார். இதுக்கு என்ன எழுதறதுன்னு எனக்குச் சொல்லித் தரலையே."

வலது சீட்டு

ஷெட்டுக்குத் திரும்பிக் குறிப்பேட்டை எடுத்தேன். "இடது இறக்கை கனம்" என்று எழுதிய இடத்திலெல்லாம் ஒரு கோடு போட்டேன். அதற்குக் கீழே, "விமானத்தில் குறை இல்லை. கட்டியவர் வேலை சுத்தம். குறை ஓட்டுபவரிடம்" என்று எழுதிக் கையெழுத்து போட்டேன். ஹோட்டல்காரருக்குப் போன் செய்து, மீதி இரண்டு மணி நேரத்துக்கும் மெயின்லேண்டிலிருந்து வேறு ஆளை வரவழைக்கச் சொன்னேன். வந்து முடிக்க ஒரு மாதம் ஆகும் என்றார். அது முடியாமல் வலது சீட்டில் யாரும் ஏற முடியாது, முடிந்த பிறகு ஓட்டப்போவது நான் இல்லை. மாணிக்கம் குறிப்பேட்டில் அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போய், பனைகளுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றார். ஆறு வருஷம் வீண் இல்லை என்று அவருக்குத் தெரிந்த நாளும் அதுதான்.

வெள்ளிக்கிழமை கப்பல் வந்தது. நான் ஜெட்டியில் நின்றேன். சேலையைத் தவிர வேறு உடுத்தாத விமலா சுடிதார் போட்டு, காற்றில் பறக்காதபடி தலையை இறுக்கிப் பின்னி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். அந்தச் சுடிதாரைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே, சுமைகளுக்கு நடுவில் நின்றபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என் இடது காதைத் தொட்டுப் பார்த்தாள், வெளியிலிருந்து ஏதோ தெரியும் என்பது போல. பிறகு, அந்த விமானத்தைக் காட்டுங்கள் என்றாள்.

ஷெட்டில் மாணிக்கம் சீட்டைத் துடைத்து வைத்துவிட்டு, டீ வாங்கி வருவதாக நழுவிவிட்டார். ஓடாத விமானத்தில் அவள் வலது பக்கம் ஏறி உட்கார்ந்தாள், நான் இடது பக்கம். இரண்டு பேர் தோளும் இடித்தன. அவ்வளவு சின்ன இடம் அது என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்ததே இல்லை. பரீட்சையும் கப்பலும் லாரியும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் எப்போதோ உன்னைக் கூட்டிப் போயிருப்பேன் என்றேன். அவள் முன்கண்ணாடி நூலைப் பார்த்துக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னாள்: "பரீட்சை வந்தது ஒரே ஒரு தடவைங்க. மத்த பத்து தடவையும் லீவு லெட்டர் எழுதி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், நீங்க அடுத்த பிளேனுக்குப் போயிட்டேன்னு போன் பண்ணுவீங்க. இந்தத் தடவையும் நீங்க கூப்பிடலை. சார் தனியா இருக்காரு, வந்துட்டுப் போங்கம்மான்னு மாணிக்கண்ணன்தான் கூப்பிட்டாரு."

எந்தப் பழுதானாலும் மூன்று நாளில் கண்டுபிடித்துவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். வலது சீட்டு காலியாகக் கிடந்தது யாரால் என்ற இந்த ஒன்றுக்கு மட்டும் இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது, அதையும் கண்டுபிடித்தவர்கள் வேறு ஆட்கள்.